வழுக்கம்பாறையில் விடிந்தது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடித்தால் மகள்தான். அங்கே சனிக்கிழமை ராத்திரி. சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுக் கூப்பிடுவாள். 2025 ஜூலையில் ஒரு ஞாயிறு, எடுத்ததுமே, "அப்பா, எடிசனை விட்டுப் போறோம்" என்றாள். நியூ ஜெர்சியில் அவள் வேலை பார்க்கும் பிரிவை நிறுவனம் மூடுகிறதாம். வேலை வேண்டுமானால் டெக்சஸில் டாலஸ் பக்கம் வந்துவிட வேண்டும். மூன்று மாதம் தவணை. வேண்டாம் என்றால், வேலை நின்ற நாளிலிருந்து அறுபது நாளுக்குள் இன்னொரு வேலை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும்.

"அப்பம் நம்ம வரிசை என்னாகும் மக்கா?" என்று கேட்டேன்.

கிரீன் கார்டுக்கான வரிசை; நம்ம வரிசை என்றே வாயில் வருகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினைத் தேரூரில் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது. பிரதோஷம், சஷ்டி மாதிரி எனக்கு அதுவும் ஒரு நாள். ஐ-140, பெர்ம், பிரையாரிட்டி டேட் எல்லாம் தபால்துறைப் படிவ எண்களைப் போலப் பழகிவிட்டன. முப்பத்தேழு வருஷம் அந்தத் துறையில் இருந்து, 2013 மே மாதம் சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். படிவம் என்றால் பயம் கிடையாது.

அன்று அவள் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரீன் கார்டுக்கு முதல் படி பெர்ம். இந்த வேலைக்கு, இந்த ஊரில், இந்தச் சம்பளத்துக்கு அமெரிக்கர் யாரும் அகப்படவில்லை என்று வேலை கொடுப்பவர் தொழிலாளர் துறைக்குக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கோட்டாறு பக்கம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று, அந்த மாதிரி. இந்தச் சான்று ஊருக்குக் கட்டுப்பட்டது. தினம் போய்வரும் தூரத்தைத் தாண்டி வேலை நகர்ந்தால் பழைய சான்றை வைத்துக்கொண்டு புண்ணியமில்லை. புது ஊரில் புது விளம்பரம், புது பெர்ம், அடுத்த படியாக நிறுவனம் போடும் ஐ-140 மனுவும் புதிது. ஹெச்-1பி விசாவையும் புது ஊருக்குத் திருத்த வேண்டும். கடைசிப் படியான ஐ-485 போட்டு நூற்றெண்பது நாள் கடந்தவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு; ஒத்த வேலை என்றால் அதே விண்ணப்பத்தோடு நிறுவனம் மாறலாம், ஊர் மாறலாம். அந்தப் படிக்கு மகள் போய்ச் சேரவே இல்லை.

"அப்பம் எல்லாம் போச்சா?"

"தேதி போகாது அப்பா. 2015 மார்ச் நம்ம கூடவே வரும்."

2015 மார்ச் என்பது வரிசையில் எங்கள் இடத்தைக் குறிக்கும் பிரையாரிட்டி டேட். போனை வைத்த பிறகும் அவளுடைய இந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. ஒரே விண்ணப்பத்தில் ஒரு பாதி ஊருக்குச் சொந்தம், மறுபாதி ஆளுக்குச் சொந்தம். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கள் பக்கத்தில் நேர்ச்சை ஊருக்குச் சொந்தம். மண்டைக்காட்டம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொண்டவர் நாகர்கோவிலில் எந்தக் கோயிலில் கொடுத்தாலும் நேர்ச்சை தீராது. அந்த நடைக்கே போக வேண்டும். வினை அப்படியில்லை. பம்பாய்க்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் ஆளோடு வரும். பெர்ம் நேர்ச்சை, பிரையாரிட்டி டேட் வினை. இதை மகளிடம் சொன்னால் சிரிப்பாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தபாலிலும் இதே கேள்விதான். பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள்: தபால் வீட்டுக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். குடிமாறிப் போனவர் புது விலாசம் எழுதிக்கொடுத்திருந்தால் திருப்பி அங்கே அனுப்பு; சொல்லாமல் போயிருந்தால் அப்படியே எழுதி, அனுப்பியவருக்குத் திருப்பு. அமெரிக்காவிலும் வீடு மாறினால் பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டுமாம். அந்தத் துறை மேல் எனக்கு ஆயிரம் வருத்தம் இருந்தாலும் இந்த விதி மட்டும் பிடித்திருந்தது.

அன்றைக்கு நான் செய்த தப்பு ஒன்று உண்டு. அவள் குரல் தளர்ந்திருப்பதைக் கேட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "இதையும் ஒரு தவம்னு நெனச்சுக்கிட வேண்டியதுதான் மக்கா. நம்ம கன்னியாகுமரி அம்மன் எத்தன யுகமாக் காத்துக்கிட்டு நிக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னாள்: "அம்மனுக்குப் பதினாறு வயசுல பையன் இல்லப்பா."

வெடுக்கென்று சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். நான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

மறுநாள் சுசீந்திரம் போய் அங்கிருந்து பஸ் ஏறி கன்னியாகுமரிக்குப் போனேன். வேண்டிக்கொள்ளப் போகவில்லை, அறுபது வருஷமாகப் பார்த்துவரும் அம்மனிடம் நான் சொன்னது சரியா என்று பார்க்கப் போனேன்.

கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். குமரியில் கன்னியாக அவதரித்த அம்மனுக்கும் சுசீந்திரத்துச் சிவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. நடுராத்திரி முகூர்த்தம். மாப்பிள்ளை சுசீந்திரத்திலிருந்து புறப்படுகிறார். ஆனால் பாணாசுரனை ஒரு கன்னியால்தான் கொல்ல முடியும் என்பது வரம். கல்யாணம் நடந்துவிட்டால் தேவர்களுக்கு விமோசனம் இல்லை. நாரதர் சேவலாகிக் கூவுகிறார். விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பிவிட்டது என்று மாப்பிள்ளை பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறார். அவர் நின்ற இடம் வழுக்கம்பாறை. இன்றும் பஸ் நிறுத்தம் உண்டு. கண்டக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிஷம் மாப்பிள்ளையின் நினைவு வரும். கல்யாணத்துக்குக் குவித்த அரிசியும் பருப்பும் மணலாகிப்போனது என்பார்கள். கடற்கரையில் அந்த நிற மணலைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். இந்தக் கரை மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கும் மத்திய அரசு ஆலை இருக்கும் ஊருக்குப் பெயர் மணவாளக்குறிச்சி. இந்தப் பொருத்தத்தை யார் செய்தது என்று தெரியவில்லை.

மகளுக்கும் ஒரு வழுக்கம்பாறை உண்டு. 2022 செப்டம்பர் புல்லட்டினில் இந்தியாவுக்கான இரண்டாம் பிரிவு, அதாவது மகள் நிற்கும் வரிசை, 2014 டிசம்பர் 1 வரை வந்துவிட்டது. அவள் தேதி 2015 மார்ச். மூன்று மாதம்தான் பாக்கி. வீட்டில் பாயசம் வைக்காத குறை. வழக்கறிஞர் ஆவணங்களைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டார். பிறப்புச் சான்றிதழ் நகலுக்காக நான் நகராட்சியாக இருந்து மாநகராட்சி ஆகிவிட்ட அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்தேன். அடுத்த மாதப் புல்லட்டினில் 2012 ஏப்ரலுக்குப் போய்விட்டது. டிசம்பரில் 2011 அக்டோபருக்கு. சேவல் கூவிவிட்டது. 2025 அக்டோபர் பட்டியலில் 2013 ஏப்ரல் 1-இல் நின்றது. நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு. அப்போது வரிசையின் முன்னால் நின்றவர் தன் விண்ணப்பத்தைப் போட்டபோது இந்தியாவில் தந்தி இருந்தது. 2013 ஜூலையில்தான் அதை நிறுத்தினார்கள்.

கோயிலுக்குள் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். கூட்டம் அதிகமில்லை. அம்மனை எல்லாரும் மூக்குத்திக்காகப் பார்ப்பார்கள். நானும் அறுபது வருஷமாக அதைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கையைப் பார்த்தேன். வலது கையில் ஜபமாலை.

மாலை கையில் இருந்தால் எண்ணுவது அவள். இந்தச் சின்ன விஷயம் எனக்கு அன்று பெரிதாகப்பட்டது. தவம் என்பதற்கு எத்தனையோ இலக்கணம் சொல்வார்கள். எனக்கு அங்கே நின்றபோது ஒன்று மட்டும் பிடிபட்டது. தவத்தில் கணக்கு தவம் செய்பவர் கையில் இருக்கிறது. எப்போது உட்கார்வது, எப்போது எழுந்திருப்பது, எதைக் கேட்பது, எல்லாம் அவர் முடிவு. பார்வதி காட்டுக்குப் போனதும் அர்ச்சுனன் மலைக்குப் போனதும் தாங்களாகப் போனது. என் மகள் விஷயத்தில் மாலை வாஷிங்டனில் இருக்கிறது. அவர்கள் ஒரு மணி முன்னால் தள்ளுகிறார்கள். மூன்று மணி பின்னால் தள்ளுகிறார்கள். இதைத் தவம் என்று சொன்னால், கைதி விரதம் இருக்கிறார் என்று சொல்வது போல.

பிராகாரத்தில் உட்கார்ந்தபோது, சின்ன வயசில் என் ஆச்சியிடம் கேட்ட கேள்வி திரும்பி வந்தது. பாணாசுரனைத்தான் கொன்றாகிவிட்டதே, அதற்குப் பிறகு ஏன் மறுபடி முகூர்த்தம் குறிக்கவில்லை? ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னாள்: "மாப்பிள வீட்டுல வந்து கேக்கல. பொண்ணு வீட்டுல போய்ச் சொல்லல. அவ்வளவுதாம்ல." அன்றைக்கு அது எனக்கு ஊர்க்கதையாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், அந்தக் கதையில் யாருமே பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் நிற்பதால் ஆதாயம் யாருக்கு? தேவர்களுக்கு. அவள் கன்னியாக இருந்தால் அவர்கள் வேலை நடக்கும். வேலை முடிந்த பிறகு அவர்கள் சேவலைக் கூப்பிட்டுத் திருத்தவில்லை.

ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு வரிசையில் நிற்பவர் சம்பள உயர்வுக்கு முரண்டு பிடிக்க மாட்டார், சட்டென்று வேலையை விட மாட்டார், டெக்சஸுக்குப் போ என்றால் போவார். அவர் காத்திருப்பதால் யாருக்கு நஷ்டம்? இதை நான் நிறுவனங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. தேவர்களும் கெட்டவர்கள் இல்லைதான். காத்திருப்பைப் புனிதம் என்று கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் அதனால் பலன் பெறுபவர்கள், அல்லது என்னைப்போலக் கரையில் நின்று பார்ப்பவர்கள். அம்மனை நான் கும்பிடுகிறேன். அவள் காத்திருக்கிறாள் என்பதற்காக இனிமேல் கும்பிட முடியும் என்று தோன்றவில்லை.

சரி, தவம் இல்லை. வினையா?

நான் ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருஷம் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவன். இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒன்றாகப் பார்க்கும் நிலை வந்து, மலம் பழுத்து, அதன் பிறகு அருள் பதிகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அருளுக்கு வரிசை கிடையாது என்பது. முன்னால் வந்தவன், பின்னால் வந்தவன் இல்லை, பழுத்தவன், பழுக்காதவன்தான். ஆசிரியர் மாம்பழத்தை உவமை சொல்வார். அமெரிக்கச் சட்டத்தில் பழுத்ததா என்ற கேள்வியே இல்லை. முதலில் வந்தவர் முதலில். அதுகூட ஒருவகை நியாயம்தான், அதில் பிறந்த நாடு என்று ஒன்றைச் சேர்க்காமல் இருந்திருந்தால். 1990-இல் அவர்கள் போட்ட சட்டப்படி வருஷத்துக்கு வேலை வழியில் சுமார் 1,40,000 கார்டு. மனைவி, கணவர், குழந்தைகள் உட்பட. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் போகக் கூடாது. ஐஸ்லாந்துக்கும் ஏழு, இந்தியாவுக்கும் ஏழு. குடியுரிமை எது என்று பார்ப்பதில்லை, எங்கே பிறந்தாய் என்றுதான் பார்க்கிறார்கள். எட்டு லட்சம் டாலர் முதலீடு செய்யக்கூடியவர்களுக்குத் தனி வாசல் உண்டு. சிறப்பு தரிசனச் சீட்டு அங்கேயும் விற்கிறார்கள்.

எங்கே பிறந்தாய் என்ற கேள்வி என் வீட்டுக்குள்ளேயே கத்தி மாதிரி இறங்குகிறது. அதற்குக் காரணம் நான்.

மருமகன்தான் முதலில் போனவர். 2008-இல் மகள் அவரோடு எடிசனில் இருந்தாள், வயிற்றில் ஏழு மாதம். அங்கேயே பெற்றுக்கொள்கிறேன், காப்பீடு இருக்கிறது என்றாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மனைவிகூட அரை மனதாகத்தான் இருந்தாள். நான் விமானச் சீட்டுக்குப் பணம் அனுப்பினேன், தபால்துறைச் சேமிப்பை எடுத்து. அக்டோபரில் நாகர்கோவிலில் பேரன் பிறந்தான். பெருமையில் நான் ஊர் முழுக்க இனிப்புக் கொடுத்தேன். 2012-இல் பேத்தி அங்கேயே பிறந்தாள்; அவள் அமெரிக்கப் பிரஜை. பிறகு மருமகனின் நிறுவனம் மூடியது, அவர் விண்ணப்பம் அதோடு போனது, குடும்பம் மகளின் விசாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பேரனுக்கு இப்போது பதினேழு. இருபத்தொன்று ஆனதும் அம்மாவின் விண்ணப்பத்திலிருந்து அவன் விழுந்துவிடுவான். குழந்தைகளுக்காக 2002-இல் வந்த ஒரு சட்டம் சில மாதத்தைக் கழித்துக்கொடுக்கும், அவ்வளவுதான். அதன்பின் மாணவர் விசா, அல்லது வரிசையின் வாலில் போய் நிற்பது. தங்கை உள்ளே, அண்ணன் வெளியே. நான் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவனும் உள்ளே.

வகுப்பில் இதை ஆசிரியரிடம் கேட்டேன், வேறு யாருக்கோ நடந்தது போல. ஒருவன் ஆசையாகச் செய்தது இன்னொருவன் தலையில் விடிந்தால் அது யார் வினை? அவர் தயங்காமல் சொன்னார்: அவரவர் வினையை அவரவர்தான் அனுபவிப்பார், மற்றவர் கருவிதான். சாத்திரப்படி சரியான பதில். நான் கருவி, பேரனுக்கு இருந்த வினை அது. அவர் சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் இந்த நிம்மதியை என் தாத்தா ஏற்கெனவே அனுபவித்திருக்கிறார். சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒரு பகுதி மக்கள் நடக்கவே கூடாது என்று இருந்தது. 1926-இல் நாகர்கோவில் டாக்டர் எம்.ஈ. நாயுடு முன்னின்று அந்தத் தெருக்களில் நடப்பதற்காகச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். கோயிலுக்குள் போக அல்ல, தெருவில் நடக்க. என் தாத்தா அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் சாயரட்சைக்குப் போனவர். நின்றவர்களை அவர் பார்த்திருப்பார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் நினைத்ததுதான்: அவர்கள் பிறப்பு, அவர்கள் வினை. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல் வந்தது. அதுவரை அங்கே வரிசை நீளம் என்று யாரும் புலம்பவில்லை, வரிசையே கிடையாது. நல்ல சம்பளத்தில் வேலை, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று இருக்கும் என் மகளின் காத்திருப்பை அவர்களோடு ஒப்பிட்டால் பாவம். ஆனால் கேட்ட கேள்வி ஒன்றேதான், எங்கே பிறந்தாய் என்று. அதைக் கேட்கும் உரிமை யாருக்கும் உண்டு என்று நினைத்த வீட்டிலிருந்து வந்தவன், இன்று அது அநியாயம் என்று திண்ணையில் இருந்து சத்தம் போடுகிறேன். இதில் ஒரு கணக்கு நேராகிறது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன், பேரனை அதில் சேர்க்காதவரை.

அதே சுற்றுவட்டாரத்தில் இன்னொரு பதிலும் உண்டு. தேரூரிலிருந்து எட்டும் தூரத்தில்தான் சாமித்தோப்பு. உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன கோயில்களின் வாசலில் வைகுண்ட சுவாமிகள் காத்துக்கொண்டு நிற்கவில்லை. அவர் ஊரிலேயே பதி என்ற வழிபாட்டிடம் எழும்பியது, தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே வா என்றார்கள், சந்நிதியில் விக்கிரகத்துக்குப் பதில் நிலைக்கண்ணாடி. வரிசையில் நின்று பழகியவர்களுக்கு வரிசையை விட்டு வெளியே வந்தவர்கள் மேல் கொஞ்சம் பயம் உண்டு. எனக்கும் இருந்தது.

வினை, தவம் என்ற சொற்களை நான் விட்டுவிடவில்லை. காத்திருப்பவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். இது என் தவம் என்று மகள் சொன்னால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். இது என் வினை தாத்தா என்று பேரன் சொன்னால் அது அவன் ஞானம். நான் அவர்களைப் பற்றி அப்படிச் சொன்னால் அது சோம்பேறித்தனம். சமயச் சொற்களில் பலவற்றுக்குத் தன்மை இடம் மட்டும்தான் உண்டு, படர்க்கையில் போட்டால் கெட்டுப்போகும் என்று எழுபத்திரண்டு வயசில் கற்றுக்கொண்டேன். இலக்கண வாத்தியார் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

பேரனிடம் போனில் சொன்னேன், 2008 கதையை. அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். "அம்மா சொல்லிருக்காங்க தாத்தா" என்றான், அவனுடைய தடித்த தமிழில். "அதனாலதான் எனக்கு மட்டும் ஆச்சி குளிப்பாட்டி விட்ட போட்டோ இருக்கு. தங்கச்சிகிட்ட இல்ல." அவன் ஆச்சி என்று சொன்னது என் மனைவியை. நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனேன்.

அக்டோபர் முதல் வாரம் அவர்கள் டெக்சஸ் போய்ச் சேர்ந்தார்கள். புது பெர்முக்கான வேலை ஆரம்பித்திருக்கிறார்கள். அது வரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம் என்கிறாள். தேரூர்க் குளத்துக்கு இந்தச் சமயத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வரும். பறவைக்கு விசா உண்டா என்று ஒருவர் கவிதை எழுதி என்னிடம் காட்டினார். பறவைக்கு மாதத் தவணையும் கிடையாது என்றேன்.

பிறகு ஒரு ஞாயிறு, மகள் கேட்டாள்: "அப்பா, அந்த உருளி இருக்கா?"

அவள் கல்யாணத்துக்கு என் மனைவி கொடுத்த வெண்கல உருளி. மனைவியின் அம்மா வைத்திருந்தது. நாலு நாழி அரிசிப் பாயசம் தாராளமாக வைக்கலாம். மகள் அதைக் கொண்டுபோகவில்லை. வாடகை வீடு, எப்போது கிளம்ப வேண்டியிருக்குமோ, கார்டு வரட்டும் அம்மா, அதுக்குப் பிறகு எடுத்துக்கிடுகேன் என்று சொல்லிப் பத்தொன்பது வருஷம். எடிசனில் பதினேழு வருஷம் அதே குடியிருப்பு, சுவரில் ஆணி அடிக்கவில்லை, கனமான எதையும் வாங்கவில்லை. உருளி எங்கள் வீட்டு மச்சில் கோணிச் சாக்குக்குள் கவிழ்ந்து கிடந்தது.

"கார்டு வந்தப்பொறவுன்னு சொன்னியே?" என்றாள் மனைவி, போனைப் பிடுங்கி.

"அனுப்புங்க அம்மா. தீபாவளி தாண்டிட்டு. கார்த்திகைக்காவது அதுல வைக்கேன்."

அதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை அமெரிக்காவுக்கு இந்தியத் தபால் நின்றிருந்தது. அவர்கள் சுங்க விதியை மாற்றியதால் ஆகஸ்ட் கடைசியில் நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். வரியை இங்கேயே முன்பணமாகக் கட்டிவிட வேண்டும் என்பது புது ஏற்பாடு. உருளியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே பழைய வேட்டியைத் திணித்து, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மேலே காடாத்துணி சுற்றி நானே கோணியூசியால் தைத்தேன். இப்போது யாரும் துணி தைப்பதில்லை. எனக்குத் தைக்காத பார்சல் பார்சலாகத் தெரிவதில்லை.

நாகர்கோவில் தலைமைத் தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டாள். ஏழு கிலோ இருநூற்றைம்பது கிராம். சுங்கப் படிவத்தைக் கொடுத்து, "சார், பொருள் என்ன, மதிப்பு எவ்வளவுன்னு எழுதணும். வரி அதை வச்சுத்தான்" என்றாள். எனக்கே விதி சொல்கிறாளே என்று சிரிப்பு வந்தது.

பொருள் என்ற இடத்தில் "வெண்கலப் பாத்திரம், பழையது, 1" என்று எழுதினேன். மதிப்பு என்ற இடத்தில், பழைய வெண்கலத்துக்குக் கோட்டாறு பாத்திரக்கடைக்காரர் காலையில் சொன்ன கிலோ விலையைப் பெருக்கி எழுதினேன்.